குடும்ப நிலவரம்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கைபேசியில் நெட்டையின் பெயர் தெரிந்ததுமே காற்புள்ளி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அந்தப் போன்தான். வேறு போனாக இருக்க வழியே இல்லை.

காற்புள்ளி என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். ஐம்பத்தெட்டு வயது, வங்கியின் தலைமை அலுவலகத்தில் துணைப் பொது மேலாளர். கீழேயிருந்து எந்தக் கடிதம் வந்தாலும், ஒரு காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஒருநாள் அவர் காதுக்கே வந்தபோது கோபப்படவில்லை, உள்ளூரப் பெருமைதான் பட்டார். அந்த வங்கியில் அவரளவுக்குக் கடிதம் வரைய ஆள் கிடையாது. யார் தலையும் உருளாமல், யார் மனமும் கோணாமல், நடந்ததை நடக்காத மாதிரி பூசி மெழுகித் தருவார். மேலிடத்தில் யாராவது இக்கட்டில் மாட்டிக்கொண்டால் "கூப்பிடு காற்புள்ளியை" என்பார்கள். இக்கட்டு தீர்ந்ததும் அவரை மறந்துவிடுவார்கள். மூன்று முறை பொது மேலாளர் பதவிக்கு நேர்காணல் போனார், மூன்று முறையும் மறந்துவிட்டார்கள்.

நெட்டை பணியாளர் துறையின் பொது மேலாளர். கதவு நிலையில் குனிந்துதான் வருவான். காற்புள்ளியும் அவனும் முப்பத்திரண்டு வருஷத்துக்குமுன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இன்னும் வாடா போடாதான். அதே பயிற்சி வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பாடம் நடத்தியவரிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பெண்தான் பிற்பாடு காற்புள்ளிக்கு மனைவியானார். அவரும் இப்போது துணைப் பொது மேலாளர், வேறொரு கட்டடத்தில். அலுவலகம் முழுக்க அவரை மேடம் என்றே சொல்லும். இரண்டு வருஷத்துக்குமுன் மனைவி தனக்குச் சமமான பதவிக்கு வந்த அன்றிலிருந்து காற்புள்ளியும் மனசுக்குள் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார், கொஞ்சம் உதட்டைச் சுழித்துக்கொண்டு. நாம் உதட்டைச் சுழிக்காமல் மேடம் என்றே வைத்துக்கொள்வோம்.

மேடம் வியாழக்கிழமைதான் பொது மேலாளர் பதவிக்கு நேர்காணல் போய்விட்டு வந்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் நேர்காணல் அது. அடுத்த முறை வரும்போது ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம்கூட இருக்காது, விதிப்படி உட்கார முடியாது. இதை விட்டால் அவ்வளவுதான்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எந்த விதிமுறைப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு பெண் அதிகாரி நேர்காணலில் தேறி, வெளியூர்ப் பதவிக்குப் பெயர் அடிபட்டால், பட்டியல் மேலே போவதற்குள் யாராவது ஒருவர் அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்குப் பேசுவார். நலம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்து, பேச்சோடு பேச்சாக, "வீட்ல வெளியூர் போவாங்களா சார், ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்பார். கிடைத்த பதிலைக் கோப்பின் உள்ளட்டையில், குடும்ப நிலவரம் என்று தலைப்பிட்டு, இரண்டு சொல்லில் பென்சிலால் எழுதிவைப்பார்கள். ஆண்களின் கோப்பில் அந்த உள்ளட்டை வழவழவென்று சுத்தமாக இருக்கும். எந்த அதிகாரியின் மனைவிக்கும் யாரும் போன் போட்டதில்லை. போட்டால் அந்த அம்மா பயந்துபோய், அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார். காற்புள்ளியே தேர்வுக் குழுவுக்குச் செயலராக இருந்த காலத்தில் பத்துப் பதினைந்து கணவன்மார்களிடம் பேசியிருக்கிறார். அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றி அன்றைக்கு மதியச் சாப்பாட்டு மேசையில் சிரித்தார்கள்.

"எப்படிடா இருக்க?" என்றான் நெட்டை.

"ஏதோ ஓடுது. சொல்லு."

"வீட்ல இருக்காங்களா?"

"கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கா."

"நல்லதாப் போச்சு. டேய், இன்டர்வியூல பிச்சு உதறிட்டாங்கடா. முடிஞ்சதும் தலைவரு எழுந்து நின்னு கை கொடுத்தாரு. என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல."

அவருடைய மூன்றாவது நேர்காணலில் இதே தலைவர் நடுவில் இரண்டு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வடக்கு மண்டலம் காலியாகுது," என்று நெட்டை தொடர்ந்தான். "ரயில்ல ஆறு மணி நேரம். இவங்கதான் முதல் பேரு. போவாங்கல்ல?"

ஆமாம் என்று சொல்ல அரை நொடி போதும். அந்த அரை நொடியில் காற்புள்ளியின் கண்முன்னால் தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார், கையை நீட்டினார், சிரித்தார்.

"இல்லடா, கஷ்டம். போக மாட்டா."

"அப்படியா? கேட்டியா?"

"கேக்கணுமா? இத்தன வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான். நீ சொல்லிட்டேல்ல, போதும்," என்று வைத்துவிட்டான்.

காற்புள்ளி சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தார். வந்ததென்னவோ நிம்மதி. வெயிலில் அலைந்துவிட்டு வந்து, இறுக்கமான ஷூவைக் கழற்றினால் வருமே, அந்தச் சுகம். எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தார், ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார்.

பொறாமை என்ற சொல்லை அவர் தன் விஷயத்தில் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. ஆதங்கம் என்பார், நியாயமான வருத்தம் என்பார். நமக்கென்ன பயம், பச்சையாகவே சொல்லிவிடலாம்: மனுஷனுக்கு இரண்டு வருஷமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அதற்குமுன் அப்படி இல்லை. "என் ஒய்ஃபும் பேங்க்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான். அப்போது மேடம் இரண்டு படி கீழே இருந்தார், சொல்லிக்கொள்ளச் சுகமாக இருந்தது. பதினெட்டு வருஷத்துக்குமுன் காற்புள்ளிக்குத் தூரத்துக் கிளைக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தபோது, உத்தரவைக் கொண்டுவந்து நீட்டித்தான் மேடத்துக்கு விஷயத்தையே சொன்னார். ஒன்பது வயது மகளையும் தன் கிளையையும் மேடம் தனியாக இழுத்தார். அதனால் தனக்கு வந்த உயர்வை ஒருமுறை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். எழுதியவர் மேடம் அல்ல, வரைந்து கொடுத்தவர் காற்புள்ளி, கையெழுத்துத்தான் மேடத்துடையது. அப்புறம் வங்கி மேடத்தைப் பயிற்சிக் கல்லூரியில் போட்டது, வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் போட்டது, பணியாளர் நலனில் போட்டது. பெரிய கடன், பெரிய கிளை எதுவும் கண்ணில் காட்டவில்லை. கடைசியில் எந்த ஆம்பளையும் வேண்டாம் என்று ஓடிய ஒரு மூழ்கும் கிளையைத் தூக்கித் தலையில் கட்டினார்கள். மேடம் அதை நிமிர்த்திவிட்டார். அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

போன வருஷம் ஒரு பணி ஓய்வு விருந்தில், தட்டை ஏந்திக்கொண்டு நின்ற காற்புள்ளியிடம் ஒரு இளைஞன் வந்து பணிவாகக் கேட்டான்: "சார், நீங்க மேடத்தோட ஹஸ்பண்டா?" அன்றைக்குச் சாப்பிட்டது எதுவும் அவருக்குச் செரிக்கவில்லை. பழைய கிளைக்காரர்கள் இன்னும் மேடத்துக்குப் போன் போட்டு யோசனை கேட்பார்கள். பக்கத்து அறையில் அந்தப் பேச்சும் சிரிப்பும் கேட்கும்போதெல்லாம் காற்புள்ளி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். இந்த வியாழக்கிழமை நேர்காணல் முடிந்து மூன்று மணிக்கு வந்த மேடம், பையை நாற்காலியில் போட்டுவிட்டு, "நல்லாப் போச்சுங்க" என்று சொன்னார். வயிறாரச் சாப்பிட்டார். படுத்த பத்தாவது நிமிஷம் தூங்கிவிட்டார். காற்புள்ளி கதவோரம் நின்று அந்தத் தூக்கத்தைப் பார்த்தார். ஒரு நேர்காணலுக்கு அப்புறமாவது தனக்கு இப்படித் தூக்கம் வந்ததுண்டா என்று நினைத்துப் பார்த்தார். அதுகூடப் பொறுக்கவில்லை.

மேடம் பன்னிரண்டரைக்குப் புதுக் கண்ணாடியோடு வந்தார். மெல்லிய கறுப்புச் சட்டம், முகத்துக்கு எடுப்பாக இருந்தது.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் வயசான மாதிரி காட்டுது," என்றார் காற்புள்ளி.

"வயசாயிடுச்சுல்ல, பின்ன எப்படிக் காட்டும்?" மேடம் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். "நெட்டை ஏதாவது பேசினாரா?"

"யாரு, நெட்டையா? இல்லையே."

வாய் கூசாமல் வந்தது. முதல் பொய்யாவது ஆத்திரத்தில் சொன்னது. இது ஆற அமரச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம்.

"அம்மா வெளியூர் போயிட்டா அப்பா பாடு திண்டாட்டம்தான். ஒரு முட்டைகூட வேக வைக்கத் தெரியாது," என்றாள்.

"அதெல்லாம் வேக வச்சிடுவாரு," என்றார் மேடம். "உரிக்கும்போதுதான் பாதி முட்டை தோலோட போயிடும்."

அம்மாவும் மகளும் சிரித்தார்கள். காற்புள்ளியும் சிரிக்கிற மாதிரி உதட்டை அசைத்தார்.

"அப்பா சரின்னு சொல்லிட்டாரா?"

"இன்னும் கேக்கலையே. போன் அப்பாவுக்குத்தான் வரும். வந்தா சரின்னு சொல்லுவாரு."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இரு இரு. உன் வேலைக்கு அப்பாவையா கேப்பாங்க?"

"எங்க பேங்க்ல அப்படித்தான். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு தடவ கேட்டாங்க. நீ அப்ப பத்தாவது. அப்பா முடியாதுன்னு சொல்லிட்டு வந்து என்கிட்ட சொன்னாரு. நியாயம்தான், உன்ன விட்டுட்டு நான் எங்க போறது? நானும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்." மேடம் சோற்றைப் பிசைந்தபடி கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நான் சொல்லியிருப்பேன்."

மேடமே பேச்சை மாற்றினார்.

"ஒண்ணு சொல்லணும். இந்த இன்டர்வியூல நான் பயப்படாம இருந்ததுக்குக் காரணம் உங்கப்பாதான். மூணு தடவ போயிட்டு வந்து, என்ன கேட்டாங்க, இவர் என்ன சொன்னாரு, எங்க சறுக்குச்சு, எல்லாத்தையும் வரி விடாம என்கிட்ட சொன்னாரு. யாரு சொல்லுவாங்க அப்படி? தோத்தத யாராவது சொல்லுவாங்களா? அதெல்லாம் எனக்கு அப்படியே மனசுல இருந்துச்சு."

காற்புள்ளிக்குத் தன்னைப் புகழ்கிறார்கள் என்று புரிந்தது. தன் மூன்று தோல்விகளையும் படிக்கட்டாக்கி ஒருத்தி ஏறிப் போயிருக்கிறாள் என்று வயிறு எரிந்தது. அந்த ஒருத்தி நன்றியோடு தன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கிறாள் என்று வெட்கமாகவும் இருந்தது. எரிச்சலுக்கு அவர் பழகியவர். வெட்கத்துக்குப் பழக்கமில்லை. மாலைவரைக்கும் அதை மென்று விழுங்கப் பார்த்தார், இறங்கவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அவர் நான்காவது மாடியிலிருந்து ஆறாவது மாடிக்குப் படியேறிப் போனார். மின்தூக்கியில் யாராவது மேடத்தைப் பற்றி விசாரிப்பார்கள் என்று பயம். நெட்டையின் அறையில் குளிர்பதனத்தில் பல் தந்தியடித்தது. மேசையில் ஏழெட்டுக் கோப்புகள் நீல நாடாவில் கட்டியிருந்தன.

"சனிக்கிழமை நான் தப்பாச் சொல்லிட்டேன்டா," என்றார் காற்புள்ளி. "அவ போவா. எழுதினத அழிச்சிடு."

நெட்டை நெற்றியைத் தடவினான். "பென்சில்ல இருந்தா அழிச்சிடலாம். குழுவுக்கு நோட்டு எழுதி மையில ஏத்தியாச்சு. இன்னிக்கு ரெண்டு மணிக்கு குழு கூடுது." கொஞ்சம் யோசித்தான். "ஒரு வழி இருக்கு. நீ எழுத்துல கொடு. என் பொண்டாட்டியக் கேக்காம நானா சொல்லிட்டேன், அவ போவான்னு ரெண்டே வரி. நான் மேல வச்சிடறேன். நிச்சயம் கிடைக்கும், தலைவருக்கு அவங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

"எழுத்துலயா?"

"வாயால சொன்னா யாரு கேப்பா? ஆனா ஒண்ணு, கோப்புல வெளி ஆள் கடிதம் எது சேர்ந்தாலும் நகல் சம்பந்தப்பட்டவங்களுக்குப் போகும். உனக்குத் தெரியாததா, அந்தச் சுற்றறிக்கையே நீ எழுதினதுதானே?"

தெரியும். ஏழு வருஷத்துக்குமுன் அவர்தான் எழுதினார். மூடிய உறையில் நகல், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து, பதில் எழுதப் பதினைந்து நாள் அவகாசம். நல்ல சுற்றறிக்கை, இன்றைக்கும் யாரும் குறை சொன்னதில்லை.

தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் நெட்டை சொன்னபடியே எழுதினார்: சனிக்கிழமை நான் சொன்னது என் மனைவியைக் கேட்காமல் சொன்னது. அவர் போவார். எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படித்துப் பார்த்தார். அப்புறம் குழுவில் உட்காரும் ஐந்து பேரும் படிக்கிற மாதிரி படித்துப் பார்த்தார். ஐந்து பேரையும் அவருக்குத் தெரியும், சாப்பாட்டு மேசையில் யார் முதலில் சிரிப்பான் என்றும் தெரியும். காற்புள்ளிக்குப் பெண்டாட்டி மேல புகைச்சல் என்று மூன்று மணிக்குள் கீழ்த்தளம்வரை போய்விடும். கடைசியாக மேடம் படிக்கிற மாதிரி படித்தார். காகிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். அதுவும் போதாதென்று கூடையிலிருந்து எடுத்து எட்டாகக் கிழித்தார்.

நல்லது செய்ய வேண்டும், அது தன் மேல் ஒரு துளி கறைகூடத் தெறிக்காமல் நடக்க வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்குத்தானே மேலிடம் இத்தனை வருஷம் தன்னைத் தேடி வந்தது? ஒன்றே கால் மணிக்குக் கடிதம் தயாரானது.

"மேற்படி அலுவலரின் குடும்ப நிலவரம் குறித்துக் கடந்த சனிக்கிழமை வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்ட கருத்து, அச்சமயம் நிலவிய சிறு தயக்கத்தின் அடிப்படையில் அமைந்ததாகும். தற்போது கலந்து பேசியதில், வெளியூர்ப் பணிக்கு அவர் உளமார இசைவு தெரிவித்துள்ளார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

யார் தயங்கியது என்று அதில் இல்லை. யாரும் பொய் சொன்னதாகவும் இல்லை. மேடத்தின் கைக்கு நகல் போகும்போது பதவி உயர்வு உத்தரவும் சேர்ந்து போகும், அந்தச் சந்தோஷத்தில் யார் இதை வரிவரியாகப் படிக்கப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். தயக்கம் என்பது தானாக வந்து விழுந்த சொல் என்றும் பிற்பாடு சொல்லிக்கொண்டார். சொற்கள் தானாக வந்து விழுகிற ஆள் அல்ல அவர். அந்தச் சொல்லின் மேல் பேனா சற்று நின்றது, நின்றது அவருக்குத் தெரியும்.

நெட்டை நின்றவாக்கில் படித்தான். "பழைய காற்புள்ளிதான்டா நீ. எங்கயும் சிக்க மாட்ட," என்று நாடாவை அவிழ்த்துக் கடிதத்தை உள்ளே வைத்தான்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குக் கணினியில் பட்டியல் வந்தது. வடக்கு மண்டலத்துக்கு நேராக வேறொருவன் பெயர். மேடத்திடம் பயிற்சிக் கல்லூரியில் பாடம் கேட்டவன், கடன் வசூல் துறையில் இருக்கிறான், மேடத்தைவிட ஆறு வருஷம் இளையவன். காற்புள்ளி பட்டியலை மேலும் கீழுமாக இரண்டு முறை தேடினார். மேடத்தின் பெயர் எங்கும் இல்லை. முதலில், ஒரே ஒரு கணம், அவருக்கு மூச்சு இலேசாக வந்தது. அதை நினைத்து அவருக்கே குமட்டியது. கைபேசியை எடுத்தார்.

"என்னடா ஆச்சு? கடிதம் வச்சியா?"

"வச்சதாலதான்டா ஆச்சு," என்றான் நெட்டை. குரல் தணிந்திருந்தது. "தலைவரு ரெண்டு தடவ படிச்சாரு. சனிக்கிழமை தயங்கினவங்க திங்கக்கிழமை சரிங்கறாங்க, புதன்கிழமை என்ன சொல்லுவாங்கன்னு கேட்டாரு. மண்டலத்துக்கு ஒரு முடிவு எடுத்தா எடுத்ததா நிக்கிற ஆளு வேணும்னாரு. மத்த நாலு பேரும் தலைய ஆட்டிட்டாங்க. நான் என்ன பேசறது? நீ எழுதினது அப்படித்தானே இருக்கு."

"நான் ஒண்ணும் கொடுக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் கிடைச்சிருக்காது. ஆனா வீட்டுக்காரர் சம்மதிக்கலன்னு இருந்திருக்கும், தப்பு உன்னோட போயிருக்கும். இப்ப அவங்க தயங்கற ஆளுன்னு எழுதியிருக்கு. அவங்க சர்வீஸ் முடியற வரைக்கும் அது அங்க இருக்கும். நகல் அனுப்பியாச்சு."

காற்புள்ளி அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போனார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டார். ஆறு மணிக்கு மேடம் வந்தார். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பழுப்பு உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். அழுத மாதிரி இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த களைப்புத்தான் தெரிந்தது.

"நான் எப்ப தயங்கினேன்?" என்று கேட்டார்.

"அது ஆபீஸ் பாஷைம்மா. அப்படித்தான் எழுதணும்."

"ஆபீஸ் பாஷை எனக்கும் தெரியும். உங்க கூட ஒரே நாள்ல சேர்ந்தவதான். நான் எப்ப தயங்கினேன்?"

காற்புள்ளி செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நீ தயங்கல," என்றார்.

"பின்ன யாரு தயங்கினது?"

"யாரும் தயங்கல. சனிக்கிழமை நெட்டை போன் பண்ணினான். நீ கண்ணாடிக் கடைக்குப் போயிருந்த. போவாங்களான்னு கேட்டான். போக மாட்டான்னு நான் சொல்லிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. மாத்தச் சொல்லிப் போனேன். எழுத்துல கொடுன்னான். கொடுத்தேன்."

"ஏன் போக மாட்டான்னு சொன்னீங்க?"

சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. உன் உடம்பு, என் ரத்த அழுத்தம், வீட்டுப் பொறுப்பு, வடக்கின் வேலைப் பளு. ஒவ்வொன்றும் வாய்வரைக்கும் நன்றாகவே வரையப்பட்டு வந்தது. எதிரே இருந்தவர் புதுக் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறாமை," என்றார் காற்புள்ளி. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னார். "எனக்கு உன் மேல பொறாமைம்மா. தாங்க முடியல."

மேடம் திடுக்கிடவில்லை. கோபப்படவும் இல்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

"அது எனக்குத் தெரியும்ங்க. ரெண்டு வருஷமாத் தெரியும். டிவி சத்தத்த கூட்டும்போதெல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் பக்கத்துல இருந்தேன்." கடிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி, தயக்கம் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "அதையே எழுதியிருக்கலாமே? பொறாமையில சொல்லிட்டேன், அவ போவான்னு எழுதியிருக்கலாமே? அஞ்சு பேரு ஒரு நாள் சிரிச்சிருப்பாங்க. நான் போயிருப்பேன்."

காற்புள்ளிக்கு மன்னிப்புக் கேட்கக்கூட ஒரு சொல் அகப்படவில்லை.

மேடம் கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தார். "செய்தித்தாள எடுங்க, எனக்கு இடம் வேணும். பதினஞ்சு நாள் எல்லாம் எனக்கு வேண்டாம், நாளைக்குக் காலைல கொடுத்துடறேன்."

"கொடுத்து என்னம்மா ஆகப் போகுது? உத்தரவு வந்தாச்சே."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்து எவளோ ஒருத்தி கோப்பத் திறக்கும்போது இதுவும் உள்ள இருக்கட்டும்."

காற்புள்ளி எழுந்து, மேசையிலிருந்து செய்தித்தாளை எடுத்துக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். மேடம் யோசிக்காமல் எழுதினார். மேற்படி இல்லை, பணிவுடன் இல்லை. முதல் வரி முடிந்ததும் காற்புள்ளியின் கண் தன்னையறியாமல் அதன் மேல் போயிற்று.

நான் தயங்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

பழக்க தோஷத்தில் திருத்த இடம் தேடினார். எங்கும் கை வைக்க முடியாது. முப்பத்திரண்டு வருஷத்தில் தன்னால் இப்படி ஒரு வரி எழுத முடிந்ததில்லையே என்று, அங்கே நின்றபடியே, அவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.